ஒப்பீட்டு அரசியல் கல்வியும் தனிப்பயிற்சியும்

முன்னுரை

ஒன்றை அறிதல் வேறு. ஒன்றோடு மற்றொன்றை ஒப்பிட்டு அறிதல் வேறு. ஒப்பிலக்கியம் பயிலும் நம் துறை மாணவர்க்கு இவ்வேறுபாடு புதியதன்று. இரு காப்பியங்களின் கதையைத் தனித்தனியே எழுதிவிட்டு, ‘இவ்வாறு இரண்டும் ஒத்துள்ளன’ என்று முடிக்கும் விடைத்தாள்களை ஆண்டுதோறும் திருத்தி வருகிறோம். இதே இடர்ப்பாடு அமெரிக்கப் பள்ளிகளில் அரசியல் பாடத்திலும் எழுவதை அறியும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அங்கு வாழும் என் தங்கையின் மகள் பன்னிரண்டாம் வகுப்பில் ஒப்பீட்டு அரசியலைச் சிறப்புப் பாடமாக எடுத்திருந்தாள். தனிப்பயிற்சி ஆசிரியர் ஒருவரும் அமர்த்தப்பட்டிருந்தார். ஆயினும் அவள் இடர்ப்பட்டாள். அப்பாடம் எத்தகையது, அதற்கு எத்தகைய உதவி தேவை, எவ்வுதவி உதவியே ஆகாது என்பனவற்றை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பாடத்தின் இயல்பு

அமெரிக்காவில் பள்ளி மாணவர் கல்லூரி முதலாண்டுத் தரத்திலான பாடங்களைப் பள்ளியிலேயே பயில வழிசெய்யும் திட்டம் ‘அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்’ எனப்படும். 1955 முதல் காலேஜ் போர்டு என்னும் அமைப்பு இதனை நடத்தி வருகிறது. ஆண்டுதோறும் மே மாதத்தில் தேர்வு நிகழும். மதிப்பெண் 1 முதல் 5 வரை. மூன்றோ அதற்கு மேலோ பெற்றவர்க்குப் பல கல்லூரிகள், தத்தம் விதிகளுக்கேற்பப் பாடச் சலுகை அளிக்கின்றன.

இத்திட்டத்தின் ஒப்பீட்டு அரசியல் பாடம் ஆறு நாடுகளை எடுத்துக்கொள்கிறது. அவை பிரிட்டன், ரஷ்யா, சீனா, ஈரான், மெக்சிகோ, நைஜீரியா என்பன. தேர்வு இரு பகுதிகளை உடையது. முதற்பகுதியில் 55 கொள்குறி வினாக்களுக்கு 60 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் நான்கு விரிவிடை வினாக்களுக்கு 90 நிமிடங்கள். கருத்து விளக்கம், புள்ளிவிவர ஆய்வு, இரு நாட்டு ஒப்பீடு, வாதக் கட்டுரை என அவை நால்வகைப்படும். இரு பகுதிகளும் சரிபாதி மதிப்புடையன. 2025 முதல் இத்தேர்வு முழுவதும் கணிப்பொறி வழியே எழுதப்படுகிறது.

சொற்கள் தரும் மயக்கம்

மாணவர் முதலில் தடுமாறுவது நாட்டுச் செய்திகளில் அன்று, கலைச்சொற்களில்தான். ‘ஸ்டேட்’ என்றதும் அமெரிக்க மாணவர் மனத்தில் தோன்றுவன டெக்சாஸும் கலிபோர்னியாவும். இப்பாடத்திலோ அச்சொல், நிலப்பரப்பும் மக்களும் இறையாண்மையும் உடைய முழு நாட்டமைப்பைக் குறிக்கிறது. ‘ரெஜீம்’ என்பது ஆட்சிமுறை. ‘கவர்மென்ட்’ என்பது குறித்த காலத்தில் ஆட்சி நடத்துவோர். நாமும் பேச்சில் ‘அரசு’ என்னும் ஒரு சொல்லையே இம்மூன்றிற்கும் வழங்கிவிடுகிறோம் அல்லவா?

மூன்று நிகழ்ச்சிகளை அடுத்தடுத்து வைத்தால் மயக்கம் தீரும். 2024 ஜூலையில் பிரிட்டனில் கன்சர்வேடிவ் கட்சி தோற்றுத் தொழிற்கட்சி பதவியேற்றது. ஆட்சியாளர் மாறினர், ஆட்சிமுறை மாறவில்லை. 1979இல் ஈரானில் மன்னராட்சி வீழ்ந்து இஸ்லாமியக் குடியரசு எழுந்தது. அங்கு ஆட்சிமுறையே மாறியது. ஈரான் என்னும் நாடு நிலைத்தது. 1991இல் சோவியத் ஒன்றியமோ நாடாகவே இல்லாதொழிந்து பதினைந்து நாடுகளாயிற்று. இவ்வாறு எடுத்துரைக்க ஓர் ஆசிரியர்க்குப் பத்து நிமிடம் போதும். இலக்கணத்தை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர்க்கோ ஓராண்டும் போதாது.

மனப்பாடமும் ஒப்பீடும்

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என் மருமகளிடம், “என்னம்மா படிக்கிறாய்?” என்று வினவினேன். ஈரானின் பாதுகாவலர் அவையைப் பற்றித் தடையின்றி ஒப்புவித்தாள். உறுப்பினர் பன்னிருவர், அறுவர் மார்க்க அறிஞர், அவர்களை நியமிப்பவர் உச்சத் தலைவர், ஏனைய அறுவர் சட்ட வல்லுநர், நீதித்துறைத் தலைவர் முன்மொழிவோருள் இருந்து அவர்களை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் என்றாள். யாவும் சரியே. “இதனை எந்த நாட்டின் எந்த அமைப்போடு ஒப்பிடுவாய்?” என்றேன். விடையில்லை.

தனிப்பயிற்சி ஆசிரியர் நாட்டிற்கு ஒன்றாக ஆறு கத்தைக் குறிப்புகள் தந்திருந்தார். மாதிரி விடைகளையும் அவரே எழுதித் தந்திருந்தார். அவள் அவற்றைப் படித்தாள். நன்னூலார் கிளியை இடைமாணாக்கர்க்கு உவமையாக்கியதன் பொருள் அன்று எனக்கு நன்கு விளங்கியது. கிளியின் நாவில் குறையில்லை. தான் கேட்டதற்கு அப்பால் அதனால் செல்ல இயலாது.

நாங்கள் இருவரும் ஒரு தாளில் இரு கட்டங்கள் வரைந்தோம். ஒன்றில் பாதுகாவலர் அவை; மற்றொன்றில் பிரிட்டனின் பிரபுக்கள் சபை. இரண்டும் மக்கள் நேரே வாக்களித்துத் தேர்ந்தவை அல்ல. இஃது ஒற்றுமை. பாதுகாவலர் அவை மசோதாக்களைத் திருப்பியனுப்பும். தேர்தலில் நிற்க விழைவோரைத் தகுதி நீக்கவும் செய்யும். பிரபுக்கள் சபையோ 1911, 1949 ஆம் ஆண்டுச் சட்டங்களின்படிப் பொதுவாக மசோதாவைக் காலந்தாழ்த்த முடியுமேயன்றித் தடுத்துவிட முடியாது. இது வேற்றுமை. ஏன் இவ்வேற்றுமை? பிரிட்டனில் அதிகாரத்தின் ஊற்று, மக்கள் தேர்ந்த கீழவை. ஈரானில் மக்கள் வாக்கோடு மார்க்க அறிஞரின் பாதுகாவல் என்னும் கொள்கையும் அதிகாரத்தின் ஊற்றாகிறது. இந்த ‘ஏன்’ என்னும் வினாவிற்கு விடை காணும் பொழுதே ஒப்பீடு நிறைவுறுகிறது.

மற்றொன்றும் கண்டோம். மெக்சிகோவில் குடியரசுத் தலைவர் ஆறாண்டுகள் மட்டுமே ஆளலாம். மீண்டும் போட்டியிட இயலாது. சீனாவில் குடியரசுத் தலைவர்க்கிருந்த இருமுறை வரம்பு 2018இல் நீக்கப்பட்டது. இத்துடன் நிறுத்தினால் அது செய்தி. மெக்சிகோவில் வரம்பு இருந்தும் 1929 முதல் 2000 வரை ஒரே கட்சி தலைவர் பதவியைத் தன்வசம் வைத்திருந்ததையும் சேர்த்து எண்ணினால், வரம்பு ஆளை மாற்றியதேயன்றிக் கட்சியை மாற்றவில்லை என்பது புலனாகும். இதுவே ஆய்வு.

உதவியை எங்குத் தேடுவது?

முதல் உதவி வகுப்பாசிரியரே. அங்குள்ள பள்ளிகளில் உணவு இடைவேளையிலோ பள்ளி முடிந்த பின்னரோ ஐயம் தீர்க்க ஆசிரியர் பலர் இசைகின்றனர். கட்டணம் இல்லை. இரண்டாவது, காலேஜ் போர்டே தன் இணையதளத்தில் வெளியிட்டுள்ள முந்தைய ஆண்டு விரிவிடை வினாக்களும், அவற்றிற்கு மதிப்பெண் வழங்கும் நெறிமுறைகளும். வாதக் கட்டுரைக்குரிய ஐந்து மதிப்பெண்ணில் தெளிவான கருத்துக்கு ஒன்று, சான்றுகளுக்கு இரண்டு, காரணம் காட்டலுக்கு ஒன்று, மாற்றுக் கருத்தை எதிர்கொள்ளலுக்கு ஒன்று என்று வகுத்துள்ளனர். இதனை அறியாது பக்கம் பக்கமாக எழுதிப் பயனில்லை. மூன்றாவது, உடன் பயில்வோர். கூடிப் பயிலலும், வினாதலும், வினாயவற்றிற்கு விடை கூறலும் நம் இலக்கணிகள் பாடம் கேட்கும் முறையிலேயே அடக்கியவை.

இவற்றிற்குப் பின்னரே கட்டணத் தனிப்பயிற்சி. அதனை அமர்த்துமுன் சில கேட்டறிதல் நலம். பாடத்திட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதன்பின் இதனைக் கற்பித்தவரா? மாணவர் எழுதிய விடையொன்றை நெறிமுறைப்படித் திருத்திக் காட்டுவாரா? ஒரு மணி நேரத்தில் அவர் பேசும் நேரம் எவ்வளவு, மாணவர் எழுதும் நேரம் எவ்வளவு? நல்ல பயிற்சியில் பாதி நேரமேனும் மாணவர் கையில் இருத்தல் வேண்டும். விடையைத் தாமே எழுதித் தருபவர் மாணவர்க்குரிய உழைப்பைப் பறித்துக்கொள்கிறார். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் தொடங்குவதும் வீண்; முதல் ஐயம் எழுந்த வாரமே தொடங்கற்குரிய காலம்.

சொல்லத் தயங்கிய சொல்

“இத்தனை நாள் விளங்கவில்லை என்று ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். “மாமா, வாப்பா இராப்பகலாக உழைத்து இதற்குப் பணம் கட்டுகிறார். இன்னமும் விளங்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்?” என்றாள்.

பெற்றோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உதவிக்குச் செலவிடும் பொருளே சில வேளைகளில் ஐயத்தைச் சொல்லவிடாது பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. நன்கு படிப்பவள் என்னும் பெயரும் அவ்வாறே. அன்றிரவே அவள் தொலைபேசியில் தன் தந்தையிடம் உண்மையைச் சொன்னாள். என் மைத்துனர் சினக்கவில்லை. தனிப்பயிற்சி வாரம் மூன்று மணியிலிருந்து ஒன்றாகக் குறைந்தது. குறிப்புக்கு மாறாக அவள் எழுதிய விடைகளைத் திருத்தவே அந்நேரம் பயன்பட்டது. ஏனைய நாள்களில் உணவு இடைவேளையில் வகுப்பாசிரியரிடம் சென்றாள். மே மாதத் தேர்வில் நான்கு பெற்றாள்.

முடிவுரை

தனிப்பயிற்சி என்பது ஊன்றுகோல் போன்றது. நடப்பவர்க்கு அது துணை. நடவாதவரை அது நடத்திச் செல்லாது. ஒப்பீட்டு அரசியலாயினும் ஒப்பிலக்கியமாயினும், இரண்டையும் அருகருகே வைத்து ‘ஏன்’ என்று வினவும் பணி மாணவர்க்கே உரியது.

இதனைப் பிறர்க்கு எழுதும் நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்பிலக்கிய வகுப்பில் பல்லாண்டுகளாக நான் குறிப்பு எழுதச் சொல்லி வந்தேன். என் மருமகளின் ஆறு கத்தைகளைக் கண்டபின் அவ்வழக்கத்தை விட்டேன். இப்பொழுது ஒரு தாளையும் இரு கட்டங்களையும் மட்டுமே தருகிறேன். முதல் வாரம் மாணவர் முணுமுணுத்தனர். மூன்றாம் வாரத்தில் ஒருவர் எழுந்து, “ஐயா, இவ்விரண்டும் ஒக்கவில்லையே, ஏன்?” என்று வினவினார்.