அறிதலும் தெளிதலும்: மணிமேகலையின் எண்வகை ஆபாசங்கள்

மேலைநாட்டு அறிவாய்வியல் நூல்களைத் தமிழில் பெயர்ப்போர் முதற் பக்கத்திலேயே ஓர் இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். அறிவென்பது 'நியாயப்படுத்தப்பட்ட உண்மையான நம்பிக்கை' என்பது அந்நூல்களில் பெரிதும் ஆராயப்படும் வரையறை. பிளேட்டோவின் 'தியேட்டட்டஸ்' உரையாடலில் இதனையொத்த கருத்தொன்று எடுத்தாளப்பட்டு, இறுதியில் ஏற்கப்படாமல் விடப்படுகிறது. வரையறையை அப்படியே தமிழாக்கினால் சொற்கள் தடம் புரள்கின்றன. நம்பிக்கை என்பது தமிழில் கடவுளிடத்தும் நண்பரிடத்தும் வைப்பது. மேசைமேல் நூல் இருப்பதாக எண்ணுவதை எவரும் நம்பிக்கை என்பதில்லை. நியாயப்படுத்தல் என்பதோ, செய்த தவற்றுக்குச் சமாதானம் கூறுதல் என்னும் பொருளை நோக்கிச் சாய்ந்துவிட்டது.

'அறிவு' என்னும் சொல்லின் சிக்கல் இவற்றினும் ஆழமானது. 'மழை பெய்தது அவனுக்குத் தெரியும்' எனின் மழை பெய்திருக்க வேண்டும். 'ஆனால் மழை பெய்யவில்லை' என அதனைத் தொடர இயலாது. 'கயிற்றைப் பாம்பென அறிந்தான்' என்பதோ குறையற்ற தொடர். அங்கு அறிதல் உண்மைக்குப் பொறுப்பேற்பதில்லை. பொய்யறிவு, திரிபறிவு முதலிய தொகைகள் தோன்றுவதும் இதனாலேயே. ஆகவே அறிவு என்பது வடமொழியின் ஞானம் என்பதற்கு நெருக்கமானது. மெய்யான அறிவை மட்டும் சுட்டும் பிரமை என்பதற்கு நெருக்கமானதன்று. பின்னதை ஒலிபெயர்த்து ஆளவும் வழியில்லை. மயக்கம் எனப் பொருள்படும் வேறொரு வடசொல்லும் தமிழ் எழுத்தில் 'பிரமை' என்றே அமைந்து, மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. நேர்மாறான இரு பொருள்கள் ஒரே வடிவில் வந்து சேர்ந்த இத்தகைய இணை அரிது.

இந்நிலையில் மணிமேகலையின் 27ஆம் காதை மொழிபெயர்ப்பாளரின் கவனத்திற்குரியது. வஞ்சி நகரில் அளவைவாதி பத்து அளவைகளைக் கூறியபின், அளவைபோலத் தோன்றி அளவையாகாத எட்டினைப் 'பிரமாண ஆபாசங்கள்' எனத் தொகுக்கிறான். சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை.

இவற்றை எட்டுப் பிழைகள் எனப் பெயர்ப்பது பொருந்தாது. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் பிழை இரண்டில் மட்டுமே உள்ளது. இப்பியை வெள்ளியெனக் கொள்வது திரியக் கோடல். வெளியில் நிற்கும் தறியை ஆராயாமல் மனிதனெனத் துணிவது தேராது தெளிதல். தறியோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். அது எதனையும் துணியாமையால் பொய்யாவதற்கும் இடமில்லை. ஏதோ ஒரு பொருள் உண்டு என்ற அளவில் நின்றுவிடும் சுட்டுணர்வில் பொய் இல்லை, நிறைவும் இல்லை. குளிருக்குத் தீ மருந்து என முன்பே உணர்ந்ததை மீண்டும் உணர்வதும் மெய்யே. அது புதிதாக எதனையும் அறிவிப்பதில்லை.

எட்டாவதாகிய நினைப்பே மிகக் கூர்மையானது. 'இவர் நின் தாய், இவர் நின் தந்தை' எனப் பிறர் கூற, வேறு காரணமின்றி அவ்வாறே கருதுதல் இதற்கு எடுத்துக்காட்டு. அவர்கள் உண்மையில் பெற்றோராகவே இருக்கலாம். எனினும் அக்கருத்து அளவை ஆகாது. ஆகமத்தை அளவையாக ஏற்கும் அளவைவாதியே இதனை விலக்குகிறான் என்பது நோக்கத்தக்கது. கருத்து மெய்யாக இருப்பது மட்டும் போதாது, அது வந்த வழியும் தக்கதாக இருத்தல் வேண்டும் என்னும் கொள்கை இங்குத் தெளிவாகவே உள்ளது.

நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்துத் தற்செயலாகச் சரியான மணியைக் கருதுபவனை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948இல் எடுத்துக்காட்டினார். எட்மண்ட் கெட்டியர் 1963இல் வெளியிட்ட மூன்று பக்கக் கட்டுரை, தக்க காரணமுடைய மெய்க்கருத்தும் சில இடங்களில் அறிவாகாது எனக் காட்டி விவாதத்தைப் புதுப்பித்தது. கடிகாரம் பார்த்தவன் செயலைத் தேராது தெளிதல் எனலாமா? காப்பியத்தின் எடுத்துக்காட்டில் துணிபு பொய்யாகிறது, இங்கு மெய்யாகிறது. மேலும், ஓடும் கடிகாரமா எனத் தேர்ந்து பார்த்தபின் மணி பார்ப்பவர் எவரும் இல்லை. பழஞ்சொல் பாதி தொலைவே உடன்வருகிறது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆயினும் அச்சொற்களின் பயன் சிறிதன்று. நம்பிக்கை என்பதற்கு மாற்றாகக் 'கோடல்' என்பதனை ஆளலாம். அது மெய், பொய் இரண்டிற்கும் பொதுவாய் நிற்கும். நியாயப்படுத்தல் நிற்குமிடத்தில் 'தேர்தல்' பொருந்தும். வாக்களிப்பு நினைவுக்கு வருமாயின் 'தேர்ந்து கோடல்' என விரித்துக்கொள்ளலாம். 'தெளிதல்' குறித்துச் சற்று எச்சரிக்கை வேண்டும். திருக்குறளின் 'தெரிந்து தெளிதல்' அதிகாரத்தில் அது வினைக்குரியவரை ஆராய்ந்து நம்புதலைக் குறிக்கிறது. ஆளை நம்புதலும் கருத்தைத் துணிதலும் ஒரே வினைச்சொல்லில் அடங்குவது தமிழின் இயல்பு. ஆங்கில மூலத்தில் இவ்விரண்டும் பிரிந்து நிற்குமிடத்தில் பெயர்ப்பாளர் அடைமொழியால் பிரித்துக் காட்ட நேரும்.

ஆபாசம் என்பதற்கும் காப்பியமே தமிழ்ச்சொல் தருகிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் பௌத்த அளவை நூலை விளக்குகையில் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என வருகின்றன. ஒத்துத் தோன்றி ஒவ்வாதது என்னும் கருத்தைப் 'போலி' செம்மையாகத் தாங்குகிறது. இலக்கணம் பயின்றோர்க்கு மட்டும் ஓர் இடறல் உண்டு: நிலம், நிலன் என வரும் எழுத்துப் போலியில் போலி வடிவம் பொருள் கெடாமல் மூலத்திற்கு ஈடாக ஏற்கப்படுகிறது, அளவை நூலின் போலியோ எந்நிலையிலும் ஏற்கப்படுவதில்லை.