காகம் யோசிக்கிறதா?

அரியலூருக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் கல்லங்குறிச்சி என்னும் ஊர் இருக்கிறது. கலியுக வரதராசப் பெருமாள் கோயிலால் பெயர் பெற்ற ஊர். சுற்று வட்டார விவசாயிகள் விளைச்சலில் ஒரு பங்கை இந்தக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவருவார்கள். தானியம் வந்து சேரும் ஊரில் குருவிக்கும் காகத்துக்கும் பஞ்சம் இருக்குமா? அங்கே ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது நான் கண்ட காட்சிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

யாரோ கீழே போட்ட பொறைத் துண்டு ஒன்றை ஒரு காகம் கொத்திக்கொண்டிருந்தது. பல்லைப் பதம் பார்க்கும் பொறை அது. நாலைந்து முறை கொத்தியும் உடையவில்லை. காகம் அதை அப்படியே கவ்விக்கொண்டு, மாடுகளுக்காக வைத்திருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. துண்டைத் தண்ணீரில் அமிழ்த்தியது, எடுத்தது, திருப்பிப் பிடித்து மறுபடியும் அமிழ்த்தியது. பிறகு சாவகாசமாகத் தின்றது.

“அறிவைப் பாத்தீங்களா சார்! நாம டீயில நனைக்கிற மாதிரியே நனைக்குது” என்றார் கடைக்காரர்.

என் பக்கத்தில் ஒரு பிளஸ் ஒன் மாணவன் உட்கார்ந்திருந்தான். அவன் விடவில்லை. “அறிவெல்லாம் இல்ல மாமா, அது பழக்கம். யோசிச்சுச் செய்யறது மனுசன் மட்டுந்தான். நீங்க சொல்லுங்க சார், சரிதானே?”

இயற்பியல் கேள்வி என்றால் உடனே பதில் சொல்லியிருப்பேன். இதற்கு இரண்டாவது டீ தேவைப்பட்டது.

கேள்வி ஒன்றும் புதிதல்ல, நண்பர்களே! தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வரிசைப்படுத்துவதை நீங்கள் தமிழ் வகுப்பில் படித்திருப்பீர்கள். மனம் என்னும் ஆறாம் அறிவு மக்களுக்கு உரியது. ஆனால் அதே இடத்தில், விலங்குகளில் ஒரு சாராருக்கும் அது உண்டு என்ற குறிப்பும் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதற்கு எடுத்துக்காட்டாகக் கிளியையும் குரங்கையும் யானையையும் உரையில் சொல்கிறார்கள். காகம் அந்தப் பட்டியலில் இல்லை!

சரி, ஒரு விலங்கு யோசித்துத்தான் ஒரு செயலைச் செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பார்த்தால் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். பூம்பூம் மாட்டைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? “இந்த வீட்டுக்கு நல்ல காலம் பொறக்குமா?” என்றால் தலையை ஆட்டும். மாட்டுக்கு நம் வீட்டு நிலவரம் தெரியாது. மாட்டுக்காரரின் குரலும் கயிற்றின் சிறு அசைவுமே அதற்கு அடையாளம். நமக்கு இது தெரியும் என்பதால் சிரித்துக்கொண்டே காசு போடுகிறோம். 1904இல் பெர்லின் நகரில் ஒரு குதிரை பெரிய பெரிய அறிஞர்களையே இப்படி மயக்கியது. ஹான்ஸ் என்பது அதன் பெயர். கூட்டல், கழித்தல், பின்னம் எதைக் கேட்டாலும் குளம்பால் தட்டி விடை சொல்லும். அதன் சொந்தக்காரர் ஓஸ்டன் மோசடிக்காரர் அல்லர். குதிரை கணக்குப் போடுகிறது என்று அவரே மனமார நம்பினார். ஆஸ்கர் ஃபங்ஸ்ட் என்பவர் ஒரு எளிய மாற்றம் செய்தார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான், ஹான்ஸின் கணிதப் புலமை காணாமல் போயிற்று! கேட்பவர் குளம்பையே குனிந்து பார்ப்பார். சரியான எண்ணிக்கை வந்ததும் தம்மையறியாமல் தலையைச் சற்று நிமிர்த்துவார். குதிரை அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியது. 1907இல் இது நூலாக வெளிவந்தது.

குதிரை கெட்டிக்காரக் குதிரைதான். ஆனால் நாம் நினைத்த விஷயத்தில் அல்ல.

அடுத்து குளவியைப் பாருங்கள். உங்கள் வீட்டுச் சுவரிலும் மண்கூடு கட்டியிருக்கும். கூட்டின் அறையில் சிலந்திகளை அடைத்து, அவற்றின்மேல் முட்டையிட்டு, வாயை மண்ணால் பூசி மூடும். என்ன திட்டம், என்ன முன்யோசனை என்று தோன்றுகிறதல்லவா? 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ஃபாபர், குளவி கொண்டுவந்து வைத்த சிலந்திகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தார். முட்டையையும் எடுத்துவிட்டார். குளவி கொண்டுவருவதை நிறுத்தவில்லை. கடைசியில் வெற்று அறையைக் கவனமாகப் பூசி மூடிவிட்டுப் போனது. இன்னொரு முறை கூட்டையே சுவரிலிருந்து பெயர்த்து எடுத்தார். குளவி மண் கொண்டுவந்து, கூடு இருந்த வெறும் சுவரைப் பூசியது! இது இயல்பூக்கம். வேலை ஒழுங்காக நடக்கும். ஏன் நடக்கிறது என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

நம் மாணவன் சொன்ன பழக்கம் இன்னொரு வகை. லாயிட் மார்கன் என்ற இங்கிலாந்துப் பேராசிரியர் டோனி என்ற நாய் வளர்த்தார். தோட்டத்துக் கம்பிக் கதவின் தாழ்ப்பாளைத் தலையால் தூக்கித் திறந்துகொண்டு டோனி வெளியே ஓடும். வழியில் போகிறவர்கள் பார்த்தால் மெச்சுவார்கள். மார்கனோ முதல் நாளிலிருந்தே கவனித்தவர். தெருவை வேடிக்கை பார்க்கக் கம்பிகளின் இடையே தலையை நுழைத்தபோது ஒருநாள் தற்செயலாகத் தாழ்ப்பாள் தூக்கிக்கொண்டது. பிறகு மெல்ல மெல்லப் படிந்த பழக்கம் அது. எளிய காரணம் போதுமானதாக இருக்கும்போது பெரிய அறிவைக் காரணமாகச் சொல்லாதே என்று 1894இல் அவர் எழுதிவைத்தார். கல்லங்குறிச்சிக் காகம் முதன்முதலில் பொறையை நனைத்த நாளன்று நாம் யாரும் அங்கே இல்லை. ஆகவே மாணவன் கட்சிக்கு ஒரு மதிப்பெண்.

இப்போது பாட்டி சொன்ன கதைக்கு வருவோம். குடத்தில் கொஞ்சம் தண்ணீர். காகம் கல்லைப் போட்டது. தண்ணீர் மேலே வந்தது. இது இயற்பியல் கணக்கு. கற்களைக் கொட்டி ஒரு பாத்திரத்தை நிரப்பினால், கற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு. நேரான பக்கங்களும் 10 செ.மீ. உயரமும் உள்ள டம்ளரில் 3 செ.மீ. தண்ணீர் இருக்கட்டும். விளிம்பு வரை ஜல்லியைப் போட்டாலும் தண்ணீர் சுமார் 7½ செ.மீ. வரைதான் ஏறும்; மேலே வெறும் கல்தான் நிற்கும். காகம் தாகத்தோடு பறந்துபோக வேண்டியதுதான்! தண்ணீர் 5 செ.மீ. இருந்தால் கற்கள் விளிம்பை எட்டும் முன்பே தண்ணீர் வழிந்துவிடும். நம் பகுதியில் சுண்ணாம்புக் கல்லுக்குக் குறைவில்லை. நீங்களே செய்து பாருங்கள். ‘கொஞ்சம் தண்ணீர்’ என்று பாட்டி சொன்னது எவ்வளவு என்பது அப்போது புரியும்.

2009இல் கேம்பிரிட்ஜில் கிறிஸ்டோபர் பேர்டும் நேதன் எமரியும் இந்தக் கதையையே சோதனையாக்கினார்கள். காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ரூக் என்னும் பறவைகள் நான்கு. கண்ணாடிபோன்ற குழாயில் தண்ணீர், அதில் மிதக்கும் ஒரு புழு, பக்கத்தில் கற்கள். நான்கு பறவைகளும் கல்லைப் போட்டுப் புழுவை எடுத்தன. சில தடவைகளுக்குப் பிறகு பெரிய கற்களையே தேர்ந்தெடுத்தன. மரத்தூள் நிரப்பிய குழாயில் கல் போடுவதில் பயனில்லை என்பதையும் கண்டுகொண்டன. ஒன்றை மறைக்கக் கூடாது: கல்லைக் குழாயில் போட்டால் தீனி கிடைக்கும் என்பதை இந்தப் பறவைகள் வேறொரு சோதனையில் முன்பே கற்றிருந்தன. தண்ணீர்தான் அவற்றுக்குப் புதிது.

2014இல் நியூ கலிடோனியக் காகங்களுக்கு இன்னும் கடினமான வினாத்தாள் கொடுக்கப்பட்டது. மூழ்கும் பொருளா மிதக்கும் பொருளா? கெட்டியானதா உள்ளீடற்றதா? தண்ணீரா மணலா? இவற்றில் காகங்கள் தேறின. அகலக் குழாயைவிடக் குறுகிய குழாயில் தண்ணீர் விரைவாக உயரும் என்பது மட்டும் அவற்றுக்குப் பிடிபடவில்லை. கண்ணுக்குத் தெரியாதபடி அடியில் இணைக்கப்பட்ட இரு குழாய்களில், ஒன்றில் கல் போட்டால் மற்றதில் தண்ணீர் ஏறும் என்ற சோதனையிலும் தோற்றன. என் வகுப்பிலும் இணைந்த குழாய்கள் பாடத்தில்தான் பலர் தடுமாறுவார்கள் என்பதால் காகங்களை நான் குறை சொல்வதாக இல்லை. இப்படிப்பட்ட சோதனைகளை 2012இல் குழந்தைகளிடம் செய்து பார்த்தபோது, 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள் காக்கை இனப் பறவைகளைப் போலவே மெல்லக் கற்றார்கள். 8 வயதுக்கு மேற்பட்டவர்கள் முதல் தடவையே செய்தார்கள்.

உரையில் வரும் யானைக்கு வருவோம். ஈட்டாத உயரத்தில் இருக்கும் தீனியைக் குச்சியால் தட்டிப் பறிக்குமா என்று யானைகளைச் சோதித்தார்கள். அவை குச்சியை அதற்குப் பயன்படுத்தவில்லை. யானைக்குத் திடீரெனப் புத்தியில் உதிக்கும் யோசனை கிடையாது என்று முடிவு கட்டினார்கள். 2011இல் வெளியான ஆய்வு இதைப் புரட்டிப் போட்டது. வாஷிங்டன் விலங்குக் காட்சிச் சாலையில் கந்துல என்ற 7 வயது ஆண் யானை இருந்தது. அதன் தாய் சாந்தி இலங்கையிலிருந்து வந்தது. துட்டகைமுனு மன்னனின் யானைப் பெயரையே குட்டிக்கு வைத்திருந்தார்கள். உயரத்தில் தீனி தொங்கியது. கீழே குச்சிகளும் ஒரு பெரிய கனசதுரப் பெட்டியும் கிடந்தன. கந்துல பல தடவை அண்ணாந்து பார்த்ததோடு சரி. பிறகு ஒரு நாள் யாரும் சொல்லிக்கொடுக்காமலே பெட்டியை நேரே தீனியின் அடிக்கு உருட்டிக்கொண்டு போய், முன்கால்களை அதன்மேல் வைத்து ஏறிப் பறித்தது! பெட்டியை வேறிடத்தில் மறைத்து வைத்தால் தேடிக் கொண்டுவந்தது. அது கிடைக்காதபோது டயரைப் பயன்படுத்தியது. அப்படியானால் குச்சியை ஏன் எடுக்கவில்லை? தும்பிக்கை யானைக்குக் கை மட்டுமல்ல, மூக்கும்கூட. குச்சியைச் சுருட்டிப் பிடித்தால் மோப்பம் கெட்டுவிடுகிறது. நம்மைக் கண்ணைக் கட்டிக்கொண்டு மாங்காய் பறிக்கச் சொன்னது போலத்தான். பிழை மாணவரிடம் இல்லை, வினாத்தாளில்! ஒரு யானையை நாள் முழுதும் ஒரே இடத்தில் சங்கிலியில் கட்டிவைத்து, “அதுக்கு என்ன தெரியும்” என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கந்துலவின் பெட்டி நினைவுக்கு வருகிறது.

குரங்குக்குச் சாட்சி நம் முதுமலைக்கு அடுத்தாற்போல் இருக்கும் பந்திப்பூரில் கிடைத்தது. கோயில்களில் நம் கைப்பையைப் பறிக்கும் அதே நாட்டுக் குரங்குகள்தான். பெங்களூரின் தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அனிந்த்ய சின்காவும் அவருடைய குழுவினரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு இது. அங்கே சில குரங்குகள் சுற்றுலாப் பயணிகளை நோக்கிக் கையை நீட்டி, ஒருவகை மெல்லிய குரல் கொடுத்து உணவு கேட்கின்றன. குரல் பழையதுதான், தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குரல். அதை மனிதனிடம் பிச்சை கேட்கப் பயன்படுத்துவது புதிது. சும்மா கையை நீட்டுவதில்லை. நம் பக்கம் திரும்பி, நம்மைக் கவனித்துக்கொண்டே கேட்கின்றன. பறிப்பது அறிவா, கேட்பது அறிவா என்று தேர்தல் வைத்தால் என் வாக்கு கேட்பதற்கே.

இத்தனைக்கும் பிறகு காகத்தைப் புகழலாம் என்று பார்த்தால் குயில் குறுக்கே வருகிறது. காகத்தின் கூட்டில் குயில் முட்டையிடுவது உங்களுக்குத் தெரியும். முட்டை அளவில் சிறியது. குஞ்சு வளர்ந்த பிறகோ குரலும் வேறு, உருவமும் வேறு. கல் போட்டுத் தண்ணீரை உயர்த்தும் பறவைகளின் உறவுக்காரி, தன்னுடையதல்லாத அந்தக் குஞ்சின் வாயில் தீனியைத் திணித்துக்கொண்டே இருக்கிறாள். குளவியின் சுவர்ப் பூச்சுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஒரே தலைக்குள் ஓர் அறையில் யோசனையும் அடுத்த அறையில் இயல்பூக்கமும் குடியிருக்கின்றன போலும். ஆகவே ‘யோசிக்குமா, யோசிக்காதா’ என்று மொத்தமாகக் கேட்காமல், எந்த விஷயத்தில் என்று கேட்பதே சரி என்பது என் கருத்து.

இதைத்தான் அன்று டீக்கடையில் சொன்னேன். மாணவன் சமாதானம் ஆகவில்லை. “அப்ப நம்ம காக்கா?” என்றான். சோதித்துவிடுவோம் என்று முடிவாயிற்று. ஒரு சட்டியில் தண்ணீர், ஒரு சட்டியில் காய்ந்த மணல். பக்கத்தில் பொறைத் துண்டுகள் மூன்று, மெத்தென்ற இட்லித் துண்டுகள் மூன்று. யோசித்துச் செய்வதானால் பொறையை மட்டும், அதுவும் தண்ணீரில் மட்டும் நனைக்க வேண்டும். வெறும் பழக்கமென்றால் எதையும் நனைக்கும்.

முதல் ஞாயிறு எல்லாவற்றையும் ஒரு தெருநாய் தின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு காலையிலேயே வைத்துவிட்டுக் காத்திருந்தோம். பத்து மணிக்கு மேல் ஒரு காகம் வந்தது. அதே காகமா என்று சொல்வதற்கில்லை. மணல் சட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொறையை எடுத்துத் தண்ணீரில் நனைத்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு இட்லியைக் கவ்வியது. அதையும் தண்ணீரில் நனைத்தது!

“பாத்தீங்களா சார்! மெத்துன்னு இருக்கிற இட்லியையும் நனைக்குது. பழக்கந்தான்!” என்று துள்ளினான் மாணவன்.

கடைக்காரர் எழுந்து போய், மீதியிருந்த இட்லித் துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தார். “டேய், இது காலையில ஏழு மணிக்கு வெச்சது. வெயில்ல காஞ்சு வறட்டியாட்டம் ஆயிருச்சு. நனைக்காம நீ தின்னு பாரு!”

மாணவன் தின்று பார்த்தான். பிறகு நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு, ‘இட்லி காய்ந்திருந்தது’ என்று எழுதினான். வரும் ஞாயிறு பத்து மணிக்குச் சூடாக ஓர் ஈடு இட்லி எடுத்துத் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.