வலி இறங்கும்போது மருந்தும் இறங்க வேண்டும்

இதய அறுவை சிகிச்சையின்போது நெஞ்செலும்பு நீளவாக்கில் அறுக்கப்பட்டு, முடிவில் எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டப்படுகிறது. அவ்வெலும்பு கூடிவர 6 முதல் 12 வாரங்கள் ஆகும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குக் காலிலிருந்து இரத்தக்குழாய் எடுத்த இடமும் வலிக்கும். "பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறேன், மாத்திரை வேண்டாம்" என்று சொல்லும் பெரியவர்கள் பலர். அப்பொறுமை உடலுக்குக் கேடு. வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு விடாமலும் இருமாமலும் இருப்பவரின் நுரையீரலில் சளி தேங்கி, நிமோனியா உண்டாகலாம்.

வீட்டார் கேட்பதோ வேறொன்று: "ஒரே மாத்திரையில் நாள் முழுவதும் வலி தெரியாமல் செய்யும் மருந்து உண்டாமே, அதைத் தரலாகாதா?"

அத்தகைய மருந்துகள் உண்டு. மார்பினும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் ஓபியாய்டு எனப்படும். சாதாரண மார்பின் மாத்திரை ஏறக்குறைய 4 மணி நேரம் வேலை செய்யும். நீண்டநேர மாத்திரையோ மருந்தைச் சிறிது சிறிதாகக் கசியவிட்டு 12 மணி நேரம் நிற்கும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டை 72 மணி நேரம் நிற்கும். ஓயாத வலியுடைய புற்றுநோயாளிகளுக்கு இவை பெருந்துணை.

அறுவைக்குப் பின் வரும் வலியின் போக்கு வேறு. அது முதல் இரண்டு மூன்று நாள்களில் உச்சத்தில் இருந்து, பின் நாளுக்கு நாள் இறங்கும். நீண்டநேர மருந்து அதற்கேற்ப இறங்காது. வலி குறைந்த உடலில் மருந்து மட்டும் அதே அளவில் நின்றால், மயக்கம் மிகுந்து மூச்சு மெலியும். ஃபென்டனில் பட்டையை அறுவைக்குப் பின் வரும் வலிக்குப் பயன்படுத்தவே கூடாது என்பது இதனாலேயே. ஆகையால் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஊசிவழி மருந்து, பின் நேரந்தவறாமல் பாராசிட்டமால், தேவைப்பட்டால் சில நாள்களுக்கு டிரமடால் என்பதே பெரும்பாலோர்க்குப் போதும்.

அறுவைக்கு முன்பிருந்தே நீண்டநேர ஓபியாய்டு உட்கொண்டு வருபவர் அதைத் தாமாக நிறுத்திவிடலாகாது. உடல் பழகிய மருந்து திடீரென நின்றால் வியர்வை, வயிற்றுப்போக்கு, பதற்றம் ஏற்படும். இதைக் கண்டு போதைக்கு அடிமையாகிவிட்டோமோ என அஞ்ச வேண்டாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். நீண்டநேர மாத்திரை எவருக்கு எழுதப்பட்டாலும் அதை உடைக்கவோ, பொடிக்கவோ, மெல்லவோ கூடாது. முதியவரால் விழுங்க முடியவில்லை என்று அம்மியில் நசுக்கிக் கஞ்சியில் கலக்கினால், 12 மணி நேர மருந்து ஒரே வேளையில் இரத்தத்தில் இறங்கும், உயிருக்கே ஆபத்து. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரண்டாகத் தருவதும் கூடாது. மது, தூக்க மாத்திரை ஆகியவற்றைச் சேர்க்கவே கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களின் உடலில் மார்பினின் கழிவுகள் தேங்குமாதலால் அதனை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உடனிருப்போர் கவனிக்க வேண்டியது தூக்கத்தையே. தட்டி எழுப்பினாலும் விழிக்காமை, மூச்சு மிக மெதுவாதல், உதடு நீலம் பாய்தல் ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். மலச்சிக்கலையும் சிறிதென எண்ண வேண்டாம். முக்குவது இதயத்துக்கும் நெஞ்செலும்புக்கும் நல்லதன்று; ஓபியாய்டு தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் தொடங்க வேண்டும்.

புள்ளலூர் போன்ற ஊர்களுக்குத் திரும்புவோர் புறப்படுமுன் மாத்திரைகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் மார்பின் கட்டுப்படுத்தப்பட்டது. 2014-இல் வந்த திருத்தம் மருத்துவமனைகளுக்கான அனுமதி முறையை எளிதாக்கியபோதிலும், அனுமதி இல்லாத சிறு மருந்துக்கடையில் அது கிடைக்காது. டிரமடாலும் 2018 முதல் அச்சட்டத்தின்கீழ் வருகிறது. சீட்டின்றி வாங்க இயலாது.

மருந்து தீர்ந்ததும் உள்ளூரில் "ஒரு வலி ஊசி" போட்டுக்கொள்வோரும் உளர். அது பெரும்பாலும் டைக்ளோஃபினாக். பைபாஸ் செய்துகொண்டவர்க்கு அவ்வகை மருந்து மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டும், ஆஸ்பிரினோடு சேர்ந்து இரத்தக்கசிவை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஊசி போடுபவரிடம் அறுவை செய்துகொண்டதை மறைக்காதீர்கள்.

இருமும்போது தலையணையையோ சுருட்டிய போர்வையையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி பாதியாகத் தோன்றும். தண்ணீர்க்குடம் தூக்குதல், அடிபம்பு அடித்தல், இருசக்கர வண்டி ஓட்டுதல் ஆகியவை மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். காயத்தில் சீழ், காய்ச்சல், நெஞ்செலும்பில் 'கடக்' என்ற அசைவு தெரிந்தால் மருத்துவமனைக்கு வாருங்கள். நெஞ்சை அழுத்திப் பிடித்து, வியர்த்து, தோளுக்கோ தாடைக்கோ பரவும் புதிய வலி காயத்தின் வலியன்று. அதற்கு வலி மாத்திரை தராமல் 108-ஐ அழையுங்கள்.

மீந்த ஓபியாய்டு மாத்திரைகளைப் பக்கத்து வீட்டு மூட்டுவலிக்குக் கொடுத்துவிடாதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வைத்து, அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கொண்டுவந்து ஒப்படையுங்கள்.