பழைய ஊதுவிளக்கும் சிறு உலோக வேலையும்

கல்லூரியை விட்டு நீங்கியபின் மஸ்கெலியாவில் தமிழ் கற்பித்தலே எம் தொழிலாயிற்று. இலக்கணம் நடத்துங் கைக்கு நெருப்பு வேலை எதற்கென நண்பர் நகைப்பதுண்டு. உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற பித்தளை ஊதுவிளக்கொன்று எம் பரண்மேற் பல்லாண்டு கிடந்தது. தோட்டத்துப் பிற்றர்மார் 'புளோ லாம்பு' என்பது இதுவே. அதனை இறக்குவதற்கு ஒரு கைவிளக்குக் காரணமாயிற்று.

அண்டை வீட்டு அம்மையார் பிடி முறிந்த பித்தளைக் கைவிளக்கொன்றைக் கொணர்ந்தார். 1969 இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துள் பழைய நகர் மறையுமுன் அவர் குடும்பத்தார் எடுத்துவந்த பொருள் அது. பழம்பித்தளை வாங்குவோர் நிறைக்கு விலை கூறினரேயன்றி, ஒட்டித்தர ஒருவரும் முன்வந்திலர்.

ஊதுவிளக்கின் வரலாறு சுவையானது. சுவீடன் நாட்டுக் கார்ல் ரிச்சர்ட் நீபெரி 1882 இல் இதனை அமைத்தார். பின்னாளில் நீராவியால் இயங்கும் பறக்கும் பொறியொன்றைச் செய்யமுயன்று, அதன் கொதிகலனுக்கும் ஊதுவிளக்குகளையே பூட்டினார். பொறி பறந்ததில்லை, விளக்கோ உலகெங்கும் பரந்தது. பம்பினால் அழுத்தப்பட்ட மண்ணெண்ணெய் சூடேறிய குழாயிற் புகுந்து ஆவியாகி, ஊசித்துளை வழியே வெளிப்பட்டுக் காற்றோடு கலந்து நீலச் சுடராகின்றது.

பழைய விளக்கை நம்புதற்குமுன் சோதித்தல் வேண்டும். எண்ணெயின்றிக் காற்றையடைத்து நீருள் அமிழ்த்தினோம், குமிழி எழவில்லை. தொட்டி நெளிந்தோ ஈயத்தால் ஒட்டுண்டோ இருந்தால் அதனை மீண்டும் பரணுக்கே அனுப்புவதுதான் நன்று. உலர்ந்து சுருங்கிய பம்பின் தோல் எண்ணெயில் ஊறியபின் இளகிற்று. மண்ணெண்ணெய் விளக்கிற் பெற்றோல் ஊற்றுதல் உயிருக்கே கேடு.

முதல்நாள் யாம் பொறுமை இழந்தோம். மஸ்கெலியாவின் குளிர்காற்றிற் கிண்ணத்து ஸ்பிரிற் எரிந்து குழாயைச் சூடாக்குமுன் பம்பை அழுத்திவிட்டோம். ஆவியாகாத எண்ணெய் மஞ்சட் சுவாலையாய் முழநீளம் பாய்ந்து எம் புருவத்தைத் தீய்த்தது. அடைப்பைத் திறந்து காற்றை விட்டபின்னரே அடங்கிற்று.

இச்சுடர் இரும்பை உருக்கி ஒட்டாது; சிறு பொருளைச் செஞ்சூடாக்கும், அவ்வளவே. அதற்கும் வெப்பம் சிதறாதிருத்தல் வேண்டும். தேயிலை உலர்த்தும் சூளையிற் கழித்த தீக்கற்கள் மூன்றை மூலைபோல் அடுக்கியதும் வேறுபாடு கண்கூடாயிற்று.

கைவிளக்கில் முன்னொருவர் வைத்த ஈயப்பற்று இருந்தது. செஞ்சூட்டில் ஈயம் பித்தளையைக் குழிவிழ அரித்துவிடுமாதலின், அதனை முற்றும் சுரண்டினோம். இங்கே ஒருநாள் கழிந்தது. பின்னர் வெண்காரத்தை நீரிற் குழைத்துப் பூசி, பிடியை மெல்லிய இரும்புக் கம்பியாற் கட்டி, தட்டார் 'பொடி' எனும் வெள்ளிப்பற்றாசைச் சிறு துண்டாக வைத்தோம். வெண்காரம் முதலிற் பொங்கும். அப்போது சுடரை விலக்கிவிலக்கிக் காட்டுக. பற்றாசைச் சூடாக்குதல் பிழை. பொருளே சூடாகிப் பற்றாசை உருக்கவேண்டும். வெள்ளிப்பற்றாசு 700 பாகை செல்சியஸை அடுத்து உருகுவது; பித்தளையோ 900 பாகையைக் கடந்தால் தானே உருகத் தொடங்கும். இடைவெளி சிறிது. மங்கிய செந்நிறமே அளவுகோல். வெயிலில் அது தெரியாது. மூடுபனி பிற்பகல் எமக்குத் துணையாயிற்று. பற்றாசு மின்னி ஓடிப் பொருத்து முழுவதையும் நிரப்பிய கணத்திற் சுடரை அகற்றினோம்.

கதவைத் திறந்துவைத்தே இவ்வேலையைச் செய்க. நாகம் பூசிய வாளித் தகட்டைச் சூடாக்குவோர் அதன் புகையாற் காய்ச்சலுறுவர்.

ஆறியபின் வெந்நீரில் இட்டுக் கண்ணாடிபோற் படிந்த வெண்காரத்தைக் கரைத்து, புளியால் விளக்கினோம். பொருத்தில் வெண்ணிறக் கோடொன்று தெரிந்தது. அராவி மறைத்துத் தருவதாகக் கூறினோம். அம்மையார் வேண்டாவென்று அப்படியே வாங்கிச் சென்றார். மறுவாரம் முறிந்த சலங்கை வளையமொன்று எம் வாசலுக்கு வந்தது.