பழைய பாய்லரைப் பளபளப்பாக்க வேண்டாம்

நெல் அவித்துப் புழுங்கலாக்கும் காவிரி டெல்டாவுக்கு நீராவி புதிதல்ல. உமியில் எரிந்த ஆலை பாய்லர்கள் ஒருபுறம். 1897இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1928இல் திருச்சி பொன்மலைக்குப் போன ரயில்வே பணிமனை மறுபுறம். ஓய்ந்துபோன பாய்லரையோ, கல்லூரி ஆய்வகத்தில் கிடக்கும் பித்தளை மாதிரி பாய்லரையோ சுத்தம் செய்ய நினைத்தவுடன் கை உப்புத்தாளையும் பெயிண்ட் டப்பாவையும் தேடுகிறது. துருவைவிட அதுதான் பெரிய சேதம். பாய்லரை இன்னும் தின்றுகொண்டிருப்பதை மட்டும் அகற்ற வேண்டும். மற்றதைத் தொடக்கூடாது என்பதே என் கட்சி.

தின்பது எது? முதலில் சாம்பல். உமிச்சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. துணியால் அழுத்தித் துடைத்தால் பித்தளையில் கீறல் விழும். அதில் கலந்துள்ள உப்புகள் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும். ஆகவே மென்மையான பிரஷ், வாக்குவம் கிளீனர், அவ்வளவு போதும். வெளியே சுற்றிய பழைய வெப்பக்காப்பில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அதைப் பிய்ப்பது தெரிந்தவர்கள் வேலை. அடுத்தது தண்ணீர். பாதி நிரம்பிய பாய்லர்தான் மிக மோசம். நீரும் காற்றும் சந்திக்கும் கோட்டில் அரிப்பு வேகமெடுக்கும். முழுவதும் வடித்து, நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லைத் தட்டில் வைத்து மூடி, நிறைந்ததும் மாற்றவேண்டும். உள்ளே படிந்த சுண்ணாம்புக் காரையை வினிகர் கரைக்கும், உண்மைதான். ஆனால் பித்தளையில் அமிலம் நெடுநேரம் நின்றால் துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத்தில் வலுவற்ற பொத்தல் உலோகம் மிஞ்சும். வீட்டுக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதுபோலப் பாய்லரையும் துலக்கினால், தயாரித்தவர் பொறித்த பெயரும் அழுத்த அளவும் தேய்ந்து மறையும். அந்த எழுத்துகள்தான் பாய்லரின் பிறப்புச் சான்று.

துருவை அப்படியே விடலாமா என்பார்கள். உதிரும் செதிலைத் தட்டிவிட்டு, இறுகிய துருவின்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்து, உலர்ந்த இடத்தில் வைத்தால் அரிப்பு வெகுவாக மந்தமாகும். கிரைண்டர் வைத்தாலோ ஏற்கெனவே மெலிந்த தகடு இன்னும் மெலியும். அழுத்தத்தைத் தாங்குவதே அந்தத் தடிமன்தான். ஓடாத எந்திரம் உயிரற்றது என்ற வாதம் இதைவிடக் கனமானது. ஓட்டத்தின் அழகை நானும் மதிக்கிறேன். ஆனால் நீலகிரி மலை ரயிலுக்குப் பொன்மலை செய்தது என்ன? பழைய என்ஜின்களையே சாகும்வரை ஓட்டாமல், 2011 முதல் அதே எக்ஸ் வகையில் புதிய நீராவி என்ஜின்களைக் கட்டிக்கொடுத்தது. ஓட்டுவதற்குப் புதியது, சாட்சிக்குப் பழையது என்பதே நேர்மையான வழி. சிறிய மாதிரிதானே, பற்றவைத்தால் என்ன என்பதும் சரியல்ல. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு பாய்லர் சட்டத்தின் வரம்புக்குள் வராமல் போகலாம். ஆனால் கொதிநீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,600 மடங்கு விரியும். ஓட்டியே தீரவேண்டுமென்றால், தகட்டின் தடிமனை அளந்து, பயிற்சியுள்ளவர் மேற்பார்வையில் குளிர்ந்த நீரால் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். காற்றால் செய்தால், உடையும்போது வெடித்துச் சிதறும். பழைய சேப்டி வால்வை நம்பாமல் புதியதைப் பொருத்தி, கழற்றியதைச் சீட்டெழுதிப் பாய்லர் பக்கத்திலேயே வைக்கவேண்டும்.