ஓடும் வண்டியில் ஒரு வானொலி நிலையம்



வானொலி என்றதும் நம் நினைவுக்கு வருவது கேட்கும் பெட்டி. அது பேசும், நாம் கேட்போம். நாம் பேசினால் அது கேளாது. ஆயினும், வானொலியில் கேட்பதோடு பேசவும் அரசின் உரிமம் பெற்ற பொதுமக்கள் உலகெங்கும் உளர். ஊதியம் கருதாமல், அறிவு வேட்கை ஒன்றே காரணமாக இக்கலையைப் பயில்வோர் ஆதலின், அவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பர்; சுருக்கமாக 'ஹாம்' என்றும் அழைப்பர். அவர்களுள் சிலர் தம் நிலையத்தை மோட்டார் வண்டியிலேயே அமைத்துக்கொள்கின்றனர். அவ்வாறு அமைப்பது எப்படி, அதனைத் தீங்கின்றி இயக்குவது எப்படி என்பவற்றையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கைப்பேசி இருக்கும் இந்நாளில் இஃது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். கைப்பேசி தனித்து இயங்குவதன்று. அருகில் ஒரு கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். கோபுரங்களை இணைக்கும் வலை அறாதிருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டு டிசம்பரில், பாரதி பிரசாத் அம்மையார் தலைமையில் ஒரு சிறு ஹாம் குழு, அந்நாளில் போர்ட் பிளேர் என வழங்கிய அந்தமான் தலைநகரில் தங்கி, உலகத்து ஹாம்களோடு பேசிக்கொண்டிருந்தது. 26ஆம் நாள் காலையில் ஆழிப்பேரலை வந்தது. மற்றத் தொடர்புகள் அறுந்துபோன வேளையில், பொழுதுபோக்குக்கென வந்த அக்கருவிகள் தீவுகளின் செய்தியைப் பெருநிலத்துக்கு எடுத்துச் சொல்லும் வாயாக விளங்கின. மோட்டார் வண்டி நிலையத்தின் பெருமையும் இதுவே. அதற்கு வேண்டிய மின்சாரம் வண்டியிலேயே உண்டு. வேண்டிய இடத்துக்கு அது தானே செல்லும்.

ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறருக்கு உதவப் புறப்படும் நிலையம் தன் சொந்தக்காரருக்கே கேடு செய்தல் கூடாது. இதனை நான் நூல்களிலிருந்து கற்றேன் அல்லேன். என் பிழையிலிருந்து கற்றேன். அதைச் சற்றுப் பின்னர்க் கூறுவேன்.

முதற்படி உரிமம். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறி, உரிமமும் நிலையத்திற்குரிய அழைப்புக்குறியும் பெறவேண்டும். இந்திய ஹாம்களின் அழைப்புக்குறிகள் பெரும்பாலும் 'வி.யு.' என்னும் எழுத்துகளில் தொடங்கும். அக்குறி ஒருவருக்குப் பெயர் போன்றது. உலகில் வேறு எவருக்கும் அது இராது. உரிமம் இன்றி ஒலிபரப்புதல் குற்றமாகும். நகரும் நிலையத்திற்குத் தம் உரிமம் இடந்தருகிறதா, எவ்வளவு ஆற்றல் வரை அனுமதிக்கிறது என்பவற்றையும் படித்துத் தெளிய வேண்டும்.

அடுத்தது கருவி. அனுப்புதல், வாங்குதல் ஆகிய இரண்டையும் ஒரே பெட்டியில் செய்யும் இதனை டிரான்ஸீவர் என்பர். வண்டிக்கு ஏற்றதாகப் பலரும் கொள்வது 'இரண்டு மீட்டர்' அலையில் இயங்கும் கருவி. நம் நாட்டில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை இவ்வலையில் இடமுண்டு. ஒலிபரப்பும்போது 50 வாட் ஆற்றல் தரும் கருவி ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டத்தை உண்ணும். வீட்டில் எரியும் சிறு விளக்குகளோடு ஒப்பிட்டால் இஃது எத்துணைப் பெரிது என்பது விளங்கும். ஆகவே வண்டியிலுள்ள சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து இதற்கு மின்சாரம் எடுத்தல் தகாது. பாட்டரியிலிருந்தே தனிக்கம்பி வரவேண்டும்.

கம்பி எவ்வளவு தடிப்பாக இருக்கவேண்டும்? கணக்கிட்டுப் பார்ப்போம். பாட்டரிக்கும் கருவிக்கும் இடையே 3 மீட்டர் என்று கொள்வோம். மின்சாரம் போகவும் திரும்பவும் வேண்டுமாதலின் கம்பியின் நீளம் 6 மீட்டர். 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பியாயின் அதன் தடை ஏறத்தாழ 0.14 ஓம். 10 ஆம்பியர் அதில் ஓடும்போது 1.4 வோல்ட் வழியிலேயே வீணாகும், கம்பியும் சூடேறும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் வீணாவது 0.4 வோல்ட் அளவே. வகுப்பில் நீங்கள் படிக்கும் ஓம் விதி இங்கே உயிரோடு வேலை செய்வதைக் காண்கிறீர்கள்.

இனி என் பிழைக்கு வருகிறேன். முதன்முதலாக என் வண்டியில் கருவியைப் பொருத்தியபோது தடித்த கம்பியையே வாங்கினேன். உருகியையும், அதாவது நாம் பியூஸ் என்று சொல்வதையும், மறவாமல் வைத்தேன். பார்க்கவும் மாற்றவும் வசதியாக இருக்கட்டும் என்று கருவியின் பின்புறத்திலேயே அதை வைத்தேன். சில மாதம் யாதொரு குறையும் இல்லை. ஒருநாள் மாலை, எஞ்சினுக்கும் இருக்கைகளுக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரிலிருந்து புகை வந்தது. கம்பி நுழையும் துளையில் ரப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தேன். வண்டியின் அதிர்வில் தகட்டின் விளிம்பு கம்பியின் மேலுறையை அறுத்துவிட்டது. செம்பு தகட்டைத் தொட்டது. கருவி அணைந்தே இருந்தது. உருகியும் பழுதின்றி இருந்தது. ஆனால் கம்பி எரிந்துகொண்டிருந்தது. அருகில் பட்டறை வைத்திருந்த மின்பணியாளர் ஒருவர் ஓடிவந்து பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். பிறகு கம்பி சென்ற வழியைப் பார்த்துவிட்டு, "ஐயா, காவற்காரனை வாசலில் நிறுத்தாமல் பூசை அறையில் நிறுத்தியிருக்கிறீர்களே!" என்றார்.

முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் மின்சுற்று வரைந்து காட்டியவன் நான். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில்தான் உருகியின் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. உருகி கருவிக்குக் காவல் என்று நினைத்திருந்தேன். அது முதலில் கம்பிக்குக் காவல். பாட்டரி குறுக்குச்சுற்றில் பல நூறு ஆம்பியர்களைக் கொட்டவல்லது. உருகிக்கு முன்னால் உள்ள கம்பியில் பழுது நேர்ந்தால், உருகி அதை அறியவே அறியாது. எனவே நேர்முனைக் கம்பியின் உருகி பாட்டரியை ஒட்டியே, ஒரு சாண் தொலைவுக்குள் இருத்தல் வேண்டும். அதன் அளவு கருவியின் தேவைக்குச் சற்று மிகுந்தும், கம்பி தாங்கும் அளவுக்குக் குறைந்தும் இருக்கவேண்டும். நான் சொன்ன கருவிக்கு 15 ஆம்பியர் பொருந்தும். எதிர்முனைக் கம்பியைப் பாட்டரியின் எதிர்முனை வண்டியின் உடலோடு சேரும் இடத்தில் இணைப்பது நலம். இக்காலத்து வண்டிகள் பலவற்றில் பாட்டரியின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் உறுப்பு ஒன்று இருப்பதால், அதனைத் தாண்டி நேரே இணைத்தல் ஆகாது. துளை தோறும் ரப்பர் வளையம், அடிதோறும் பிடிப்பு, சூடான எஞ்சின் பகுதிகளிலிருந்து விலக்கம் ஆகியவற்றை இனி ஒருவரும் எனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

கருவியை எங்கே வைப்பது? இருக்கையின் மேல் வைத்துவிட்டுப் போகலாகாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதேனும் மோதி நின்றால், பிணிக்கப்படாத பொருள் அதே வேகத்தில் முன்னே பாயும். அவ்வேகம், 14 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழும் பொருளின் வேகத்துக்குச் சமம். ஒரு கிலோ எடையுள்ள பெட்டி நான்கு மாடி உயரத்திலிருந்து தலைமேல் விழுவதை எண்ணிப் பாருங்கள். ஆதலின் கருவியைத் திருகாணியால் உறுதியாகப் பொருத்த வேண்டும். விபத்தின்போது விரியும் காற்றுப்பைகளின் வழியில் கருவியோ கம்பியோ இருத்தல் கூடாது.

அடுத்து ஏரியல். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 2.07 மீட்டர். அதில் கால்பங்கு 52 சென்டிமீட்டர். கம்பியின் முனை விளைவால் நடைமுறையில் 49 அல்லது 50 சென்டிமீட்டர் போதும். வண்டியின் இரும்புக் கூரை நடுவில் இதை நிறுத்தினால், கூரையே கண்ணாடிபோல் நின்று ஏரியலின் மறுபாதியாகப் பயன்படும். உள்ளிருப்போரை அலையின் தாக்குதலிலிருந்தும் பெரிதும் மறைக்கும்.

ஏரியல் கருவியோடு இசைகிறதா என்பதை 'நிலையலை விகிதம்' காட்டும் அளவியால் அறியலாம். விகிதம் 1.5 ஆயின் நாம் அனுப்பும் ஆற்றலில் நூற்றுக்கு 4 பங்கே திரும்பி வரும். 2 ஆயின் 11 பங்கு. 3 ஆயின் 25 பங்கு. திரும்பும் ஆற்றல் கருவியை வருத்தும். 144, 145, 146 ஆகிய மூன்றிலும், குறைந்த ஆற்றலில், அளந்து பார்க்க வேண்டும். 144 பக்கம் விகிதம் குறைவாக இருந்தால் கம்பி நீளம் மிகுதி என்பது பொருள். ஒரு மில்லிமீட்டர் வெட்டினால் ஏறத்தாழ 0.3 மெகாஹெர்ட்ஸ் நகரும். ஆகையால் சிறிது சிறிதாகவே வெட்டுக. வெட்டியது ஒட்டாது.

ஒலிபரப்பும்போது ஏரியலை ஒருவரும் தொடலாகாது. தொட்டால் தோல் சுடும். வண்டிக்கு வெளியே அருகில் குழந்தைகள் நின்றால் பேச்சை நிறுத்துக. பெட்ரோல் நிலையத்திலும், கல்லுடைக்க வெடி வைக்கும் இடத்திலும் கருவியை அணைத்துவிடுக. சிற்றலைக்கென நீண்ட ஏரியல் பூட்டியவர்கள் மேலே செல்லும் கம்பிகளை மறத்தல் கூடாது; மின்மயமான நம் இரயில் பாதைகளின் மேல்கம்பியில் 25,000 வோல்ட் ஓடுகிறது. இடிமின்னல் வேளையில் பேச்சு வேண்டா.

எஞ்சினைக் கிளப்பும்போது பாட்டரியின் அழுத்தம் தாழ்ந்து எழும். அப்பொழுது கருவி அணைந்திருக்கட்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு நெடுநேரம் பேசவேண்டுமாயின் கணக்கு வைத்துக்கொள்க. கேட்பதற்கு அரை ஆம்பியர் என்றால், எட்டு மணி நேரத்தில் 4 ஆம்பியர்-மணி. இடையிடையே பேசியது மொத்தம் ஒரு மணி நேரமாயின் மேலும் 10. நாற்பது ஆம்பியர்-மணி பாட்டரியில் பாதிக்கு மேல் இறங்கவிட்டால் வண்டி மீண்டும் கிளம்பாமற் போகலாம். பாட்டரியை ஏற்றுவதற்காக மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும்.

இனிப் பேசும் முறை. முதலில் கேட்க வேண்டும். அந்த அலை எண்ணில் எவரேனும் பேசுகின்றனரா என்று சற்றுநேரம் காத்திருந்து கேட்டு, பின்னர், "இவ்விடம் பயனில் உள்ளதா?" என்று வினவி, விடையில்லையாயின் அழைப்புக்குறியோடு 'மொபைல்' என்று சேர்த்துச் சொல்லி அழைக்க வேண்டும். ஒவ்வொரு முறை பேசி முடித்ததும் ஓரிரு நொடி இடைவெளி விடுக. இடர்ப்பட்ட ஒருவர் உள்ளே நுழைய அவ்விடைவெளியே கதவு. வணிகப் பேச்சும் பாட்டும் ஹாம் அலையில் கூடா. தரைமட்டத்தில் இரு வண்டிகள் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் வரை பேசிக்கொள்ளலாம். ஏற்காடு போன்ற மலைமேல் ஒரு வண்டி நின்றால் அத்தொலைவு பன்மடங்கு பெருகும்.

இறுதியாக, எல்லாவற்றினும் முதன்மையான ஒன்று. வண்டி ஓட்டுபவருக்கு முதற்கடமை ஓட்டுவதே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், கருவியின் எண்ணைப் பார்க்க இரண்டு நொடி கண்ணைத் திருப்பினால், 33 மீட்டர் தூரம் நாம் குருடராய்ச் செல்கிறோம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசும் கருவிகளைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டமாகக் கருதுகிறது. சட்டம் இல்லாவிடினும் அறிவு அதையே சொல்லும். சாலையோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திப் பேசுக. அல்லது அருகில் இருப்பவர் பேசட்டும். மறுமுனையில் இருக்கும் நல்ல ஹாம், "சாலையைப் பாருங்கள், பிறகு பேசுவோம்" என்று சொன்னால் அதனை அவமதிப்பாகக் கொள்ளற்க.

வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பது பழமொழி. உருகி பாட்டரியின் வாசலில் நிற்கவேண்டும். உரிமம் ஒலிபரப்பின் வாசலில். காது வாயின் வாசலில். நிறுத்திய வண்டி பேச்சின் வாசலில். காவல் வைத்தோம் என்பது போதாது; இடர் தொடங்கும் இடத்தில் வைத்தோமா என்று பார்க்க வேண்டும். எரிந்த அந்தக் கம்பித் துண்டை நான் எறிந்துவிடவில்லை. இக்கலையைக் கற்க வரும் மாணவர் கையில் முதலில் அதைத்தான் கொடுக்கிறேன். கருவியைப் பிறகே காட்டுகிறேன்.