ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் சைக்கிள் இடைவழியில் நின்றால்

விடிய ஐந்து மணிக்குப் பால் கொண்டுபோவதும், தூரத்தில் கிடக்கும் சொந்தக் காணியைப் போய்ப் பார்த்து வருவதும், இரவில் காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுவதும் எமது குடும்பங்கள் பலவற்றில் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் நடக்கின்றன. அதுவும் இரண்டாம், மூன்றாம் கையாக வாங்கியதாகவே இருக்கும். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டால் என்ன செய்வது என்று பலர் எம்மிடம் கேட்டிருக்கிறார்கள்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத் தலைவரின் மோட்டார் சைக்கிள் மூன்று நான்கு கிலோமீற்றர் ஓடியதும் நின்றுவிடும். பத்து நிமிடம் பொறுத்து உதைத்தால் மீண்டும் ஓடும். முதலில் பிளக் மாற்றினார். பிறகு கொயில் மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். அதன் பின் காபரேற்றரையே புதிதாகப் போடவேண்டும் என்றார்கள். அதற்காக ஓர் ஆட்டுக் கிடாயை விற்றார். வருத்தம் தீரவில்லை. எம்மிடம் வந்தபோது நாம் பார்த்தது ஒன்றைத்தான்: மழைத் தண்ணீர் இறங்காதிருக்க, பெற்றோல் தாங்கியின் மூடிக்கு மேலே பொலித்தீன் பையைச் சுற்றி றப்பர் நாடாவால் இறுகக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்துவிட்டு ஓடச் சொன்னோம். வண்டி நிற்கவில்லை.

காரணம் இலகுவானது. ரின்பால் பேணியில் ஒரு துளை மட்டும் போட்டால் பால் சொட்டுச் சொட்டாக வந்து நின்றுவிடும். மறுபக்கம் இன்னொரு துளை போட்டால்தான் ஒழுங்காக ஊற்றும். பெற்றோல் தாங்கிக்கும் அப்படித்தான். பெற்றோல் கீழே இறங்க இறங்க மேலே காற்று உள்ளே போகவேண்டும். அதற்காக மூடியில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கிறது. சேறோ, துருவோ, பெயின்ரோ அதை அடைத்தால் பெற்றோல் இறங்காது. வண்டி நின்றவுடன் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பின் வண்டி உடனே ஓடினால் குற்றம் அங்கேதான். ஒரு மெல்லிய கம்பியால் துளையைக் குத்திவிட்டால் போதும். ஒரு சதமும் செலவில்லை.

இதனால்தான் எதையும் வாங்குவதற்கு முன் வண்டி எப்படி நின்றது என்பதைக் கவனிக்கவேண்டும் என்கிறோம். விக்கி விக்கி, இழுவை குறைந்து மெல்ல நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் பெற்றோல் பக்கம். விளக்கை அணைத்ததுபோல ஒரே வெட்டாக நின்றதா? அப்படியானால் பெரும்பாலும் மின்பொறியின் பக்கம். இது எப்போதும் தவறாத விதியல்ல. ஆனால் பத்தில் ஏழு எட்டுத் தடவை எமக்கு இதுவே வழி காட்டியிருக்கிறது.

பெற்றோல் பக்கமென்றால், முதலில் தாங்கியை ஆட்டிப் பார்த்து, திறப்பை றிசேவுக்குத் திருப்புங்கள். அது முன்பே றிசேவில் கிடந்து, பெற்றோல் நிரப்பியபோது திருப்பி வைக்க மறந்திருந்தால் எஞ்சிய பெற்றோல் என்று எதுவும் இராது; எம்மில் பலருக்கு நடந்த கதை இது. அடுத்தது தண்ணீர். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானது. அடியில் போய்த் தங்கும். மாரி காலத்தில் இது அதிகம். இயந்திரம் ஆறிய பின், காபரேற்றரின் கிண்ணத்துக்கு அடியிலுள்ள திருகாணியைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். அடியில் மணிமணியாக உருண்டு நிற்பது தண்ணீர். சுத்தமான பெற்றோல் வரும்வரை விட்டுப் பூட்டுங்கள். பக்கத்தில் குப்பி விளக்கோ பீடியோ இருக்கவே கூடாது.

கலனில் நெடுநாள் கிடந்த பெற்றோலும் துன்பம் தரும். 2022 இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்த காலத்தில் பல வீடுகளில் கலன்களில் சேர்த்து வைத்தார்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் பிசின்போலப் படிந்து, காபரேற்றரின் நுண்ணிய துளையை அடைத்துவிடும். அந்தத் துளையைக் கம்பியால் குத்தவேண்டாம். அதன் அளவு கெட்டுவிடும். பெற்றோலில் ஊறவைத்து, காற்றடிக்கும் பம்பால் ஊதுங்கள்.

இனி மின்பொறி. 1990களில் வடக்கில் பெற்றோல் கிடைக்காமல், சில துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்களுக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. பிளக் கரி பிடித்து நிற்பதும், வீதியோரம் குந்தியிருந்து அதைத் துடைப்பதும் அன்றாட வேலை. பிளக் சாவி இல்லாமல் எவரும் படலை தாண்டியதில்லை. அந்தப் பழக்கம் இப்போதும் உதவும். பிளக்கைக் கழற்றி, அதன் தொப்பியை மாட்டி, பிளக்கின் உலோக உடலை இயந்திரத்தில் தொடவைத்து உதையுங்கள். பெற்றோல் சிந்தியிருந்தால் முதலில் துடைத்துக் காயவிடுங்கள். பிளக் துளைக்குக் கிட்டவும் வைக்கவேண்டாம். நீல நிறத்தில் 'டிக்' என்று பொறி பறந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்திருந்தால் பிளக்கைச் சுத்தம் செய்து இடைவெளியைப் பாருங்கள். எமது சிறிய வண்டிகளுக்கு அது 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். இரும்பு அறுக்கும் வாளின் அலகு ஏறக்குறைய அந்தத் தடிப்பே. அது இறுக்கமாக நுழைந்தால் சரி.

பொறியே இல்லையென்றால் உடனே கொயில் வாங்க ஓடவேண்டாம். கைபிடியிலுள்ள நிறுத்தும் பொத்தான் தற்செயலாக அழுந்தியிருக்கலாம். சில புதிய வண்டிகளில் பக்கத் தாங்கி கீழே இறங்கினாலும் இயந்திரம் நிற்கும். கைபிடியைத் திருப்பும்போது மட்டும் நிற்கிறதென்றால், கழுத்துப் பகுதியில் மடிந்து மடிந்து வயர் உள்ளே அறுந்திருக்கும். வெளித்தோல் நன்றாகவே தெரியும், ஏமாறவேண்டாம்.

சூடேறியதும் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஓடும் வண்டிதான் அதிகம் பணம் தின்னும். நின்ற அந்த நிமிடமே, சூடு ஆறுமுன், துணியால் பிடித்துப் பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். அப்போது பொறி இல்லாமல், ஆறிய பின் வந்தால், கொயிலோ அதற்குச் சைகை கொடுக்கும் சுருளோ சூட்டில் விரிந்து தொடர்பு விடுகிறது என்று கொள்ளலாம். சூட்டிலும் பொறி நன்றாக இருந்து, உதைக்கும்போது எதிர்ப்பில்லாமல் கால் இலகுவாக இறங்கினால் வால்வு இடைவெளி இல்லாமற் போயிருக்கும். அது கராஜ் வேலை. ஆனால் புதிய பாகம் தேவைப்படாமலே தீரக்கூடிய வேலை.

ஒன்றை மட்டும் வேறாகச் சொல்கிறோம். ஓடும்போது இயந்திரம் இறுகிப் பின்சில்லு இழுபடுவதாக உணர்ந்தால் அந்தக் கணமே கிளச்சைப் பிடித்து ஓரத்துக்கு உருட்டுங்கள். உதைக்கவேண்டாம். ஒயில் வற்றியிருக்கும். தொடர்ந்து உதைத்தால் பிஸ்ரனும் சிலிண்டரும் போய்விடும்.

ஓரங்கட்டும்போதும் கவனம் வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடியாத துண்டுகள் வடக்கில் இன்னும் உள்ளன. நிழலைத் தேடிச் சிவப்புப் பலகை நிற்கும் பற்றைக்குள் வண்டியைத் தள்ளவேண்டாம். வெயிலானாலும் வீதியின் கரையிலேயே நில்லுங்கள். காட்டு வழியில் பொழுதுபட்டால் வண்டியை விட்டுவிட்டு, வருகிற வாகனத்தில் ஏறிக்கொள்ளுங்கள். யானைக்கு முன் பிளக் துடைக்க முடியாது.

கராஜுக்குப் போகத்தான் வேண்டுமென்றால், எத்தனை கிலோமீற்றரில் நின்றது, மெல்லவா வெட்டாகவா, ஆறியதும் ஓடியதா, பொறி இருந்ததா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மேற்சொன்னவர் தம்முடைய பழைய கொயிலைக் கேட்டு வாங்கி வந்திருந்தார். இன்று அவருடைய மருமகனின் வண்டி அதில்தான் ஓடுகிறது.